எச்சிலில் ஒரு துப்பு: இந்தியாவில் வாய்ப்புற்றும் உமிழ்நீர்ப் பரிசோதனையும்

உமிழ்நீரைக் கொண்டே புற்றுநோயைக் கண்டறிந்துவிடலாம் என்னும் செய்தி ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக நாளேடுகளின் அறிவியல் பக்கங்களில் அவ்வப்போது வந்துகொண்டிருக்கிறது. ஊசி இல்லை, கத்தி இல்லை, வலி இல்லை. ஒரு குப்பியில் துப்பினால் போதும் என்பது அச்செய்திகளின் சாரம். அதில் பொய்யில்லை. ஆனால் எப்போதும் நாளை வரப்போகும் ஒன்றாகவே அதைப் படித்துப் பழகிவிட்டோம். அதன் பின்னால் நூறாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு ஒன்று இருப்பதையும், அவ்வரலாற்றின் முக்கியமான அத்தியாயங்கள் இந்தியாவில் எழுதப்பட்டவை என்பதையும் நாம் கவனிப்பதில்லை. வாய்ப்புற்று குறித்த உலக அறிவில் நெய்யூர், மும்பை, எர்ணாகுளம், பவநகர், திருவனந்தபுரம் ஆகிய ஊர்களுக்குத் தனி இடம் உண்டு. அவ்வரலாற்றைச் சுருக்கமாகத் தொகுத்து ஒரு கேள்வியை எழுப்புவதே இப்பதிவின் நோக்கம்: வாயைத் திறந்து பார்த்தாலே தெரிந்துவிடும் ஒரு நோயைப் பார்க்கத் தவறிவந்திருக்கும் நாட்டுக்கு, உமிழ்நீர்ப் பரிசோதனை எதைத் தரும்?

1. தீட்டிலிருந்து மாதிரிக்கு

உமிழ்நீரைச் சாட்சியாக அழைக்கும் வழக்கம் மருத்துவத்துக்கு முன்பே நீதிமன்றத்தில் இருந்தது. தர்மசாத்திர நூல்கள் விவரிக்கும் தெய்வீகச் சோதனைகளுள் அரிசிச் சோதனையும் ஒன்று. காசியில் தலைமை நீதிபதியாக இருந்த அலி இப்ராகிம் கான், இந்துக்களிடையே வழங்கிய இச்சோதனைகளைப் பற்றி எழுதிய கட்டுரை, 1788-இல் கல்கத்தாவில் வெளியான ‘ஏசியாட்டிக் ரிசர்ச்சஸ்’ முதல் தொகுதியில் இடம்பெற்றது. அவர் பட்டியலிடும் ஒன்பது வகைகளில் அரிசியும் உண்டு. ஐயத்துக்கு உள்ளானவர்கள் புனிதப்படுத்தப்பட்ட அரிசியை மென்று அரசிலையிலோ பூர்ஜ மரப்பட்டையிலோ துப்ப வேண்டும். எவருடைய வாயிலிருந்து அரிசி உலர்ந்தோ குருதிக் கறையுடனோ வருகிறதோ அவரே குற்றவாளி. அச்சத்தில் வாய் வறளும் என்னும் உடலியல் உண்மை இதன் அடியில் இருக்கிறது. ஆனால் குற்றமற்றவருக்கும் அச்சம் வரும். ஈறு நோயுள்ளவருக்கும் குருதி கசியும். பொய்யாகக் குற்றம் சாட்டிவிடும் சோதனை என்னும் இச்சிக்கல், இன்றைய ஆய்வகத்துக்குள்ளும் வேறு உருவில் நுழைந்திருப்பதைப் பின்னர் காண்போம்.

நம் சமூகத்தில் உமிழ்நீருக்கு இன்னொரு வரலாறும் உண்டு. வாய்க்குள் இருக்கும்வரை உமிழ்நீர். வெளியே வந்தால் எச்சில். எச்சில் என்பது வெறும் பொருளன்று, அது ஒரு தகுதிக்குறைவு. பேஷ்வாக்களின் ஆட்சியில் புனே நகரில் தீண்டாமைக்கு உள்ளானோர் தம் எச்சில் நிலத்தில் விழாதிருக்கக் கழுத்தில் மண்கலம் கட்டிக்கொண்டு நடக்க வேண்டியிருந்ததை அம்பேத்கர் 1936-இல் எழுதிய ‘சாதி ஒழிப்பு’ நூலில் பதிவுசெய்கிறார். கழுத்தில் தொங்கிய அக்கலத்துக்கும், ஆய்வகத்தில் பெயரெழுதி ஒட்டிய குப்பிக்கும் இடையே உள்ள தொலைவை அறிவியல் வரலாற்று மாணவர்கள் எண்ணிப்பார்க்க வேண்டும். ஒரே திரவம் ஓரிடத்தில் ஒரு மனிதரை விலக்குவதற்கான காரணம். மற்றோரிடத்தில் அவரைக் காப்பதற்கான தடயம்.

பின்னர் வந்த பொதுச் சுகாதார இயக்கமும் எச்சிலின் மீதான ஐயத்தைப் போக்கவில்லை. 1882-இல் ராபர்ட் கோக் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்த பின், நுரையீரலிலிருந்து வரும் கோழை ஆய்வுக்குரிய பொருளாயிற்று. வாயில் ஊறும் உமிழ்நீரோ துப்பக் கூடாத ஒன்றாகவே சுவரொட்டிகளில் நின்றது. கோழையும் உமிழ்நீரும் வெவ்வேறு என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

2. நெய்யூரிலிருந்து மும்பைக்கு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் புற்றுநோய் ‘நாகரிக’ நாடுகளின் நோய், இந்தியரிடையே அது அரிது என்னும் கருத்து காலனிய மருத்துவத்தில் பரவலாக இருந்தது. அதற்கு எதிரான சான்றுகள் தென்னிந்தியாவிலிருந்து வந்தன. சென்னைப் பொது மருத்துவமனையைச் சேர்ந்த நிப்லாக் 1902-இல் எழுதிய கட்டுரை, வெற்றிலை மெல்லும் வழக்கத்தை வாய்ப்புற்றோடு தொடர்புபடுத்தியது. அன்றைய திருவிதாங்கூரின் பகுதியாகவும் இன்று கன்னியாகுமரி மாவட்டத்திலும் உள்ள நெய்யூரின் இலண்டன் மிஷன் மருத்துவமனையிலிருந்து பென்டால் 1908-இல் 1,700 புற்றுநோயாளர்களைப் பற்றிய தொகுப்பைப் ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ இதழில் வெளியிட்டார். திருவிதாங்கூரில் வெற்றிலைபாக்கு மெல்வோரின் வாய்ப்புற்றைப் பற்றி ஓர் எழுதிய விரிவான கட்டுரை 1933-இல் ‘லான்செட்’ இதழில் வந்தது. கவளத்தை ஒரு கன்னத்திலேயே அடக்கிவைப்பவருக்கு அந்தக் கன்னத்திலேயே புண் தோன்றுவது அக்கால மருத்துவர்களுக்குத் தெளிவாகத் தெரிந்தது. ஆய்வுக்கருவி ஏதும் தேவைப்படாத கண்டுபிடிப்பு அது.

1941-இல் மும்பையில் டாடா நினைவு மருத்துவமனை திறக்கப்பட்டபின் ஆய்வின் மையம் அங்கே நகர்ந்தது. நோய்க்குறியியல் அறிஞர் வி. ஆர். கானோல்கர் 1944-இல் மும்பையில் தொடர்ச்சியாகப் பதிவான 1,000 வாய்ப்புற்று நோயாளர்களைப் பற்றிய மதிப்பாய்வை வெளியிட்டார். 1955-இல் சங்வி, ராவ், கானோல்கர் மூவரும் புகைத்தலையும் மெல்லுதலையும் தனித்தனியே பிரித்து, நோயுள்ளோரை நோயற்றோருடன் ஒப்பிட்டு ஆராய்ந்தனர். புகைத்தலையும் நுரையீரல் புற்றையும் இணைத்த டால், ஹில் ஆகியோரின் புகழ்பெற்ற ஆய்வு 1950-இல் எந்த இதழில் வந்ததோ, அதே ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ இதழில் ஐந்தே ஆண்டுகளில் இந்த இந்திய ஆய்வும் வந்தது. முன்னது பாடநூல்களில் நிலைத்தது. பின்னதை நம் மருத்துவ மாணவர்களுள் எத்தனை பேர் அறிவர்?

3. கிராமங்களுக்குச் சென்ற பல் மருத்துவர்கள்

மருத்துவமனைக்கு வந்தவர்களை மட்டும் பார்த்தால் நோயின் கடைசி அத்தியாயமே தெரியும். இதை மாற்றியது டாடா அடிப்படை ஆய்வு நிறுவனத்தில் பாலி மேத்தாவின் தலைமையில் இயங்கிய பல்நோய் ஆய்வுப் பிரிவு. இயற்பியலுக்கும் கணிதத்துக்கும் பெயர்பெற்ற அந்நிறுவனத்திலிருந்து பல் மருத்துவர்கள் கிராமங்களுக்குச் சென்றார்கள் என்பதே சுவையான செய்தி. கோபன்ஹேகனைச் சேர்ந்த யென்ஸ் பிண்ட்போர்கின் ஒத்துழைப்புடன் பவநகர், எர்ணாகுளம், ஸ்ரீகாகுளம், சிங்பூம், தர்பங்கா ஆகிய ஐந்து மாவட்டங்களில் 50,915 கிராமத்தாரின் வாய்களை அவர்கள் ஆராய்ந்தனர். 1969-இல் அதன் முடிவுகள் வெளிவந்தன. வெண்படலம், செம்படலம், வாய் இறுகிப்போகும் நார்த்திசு நோய் முதலிய முன்னிலை மாற்றங்கள் புற்றுக்கு முன்பே ஆண்டுக்கணக்கில் கண்ணுக்குத் தெரியும்படி இருக்கின்றன என்பது இத்தகைய கள ஆய்வுகளின் வழியே உறுதிப்பட்டது.

அடுத்த கேள்வி இயல்பாக எழுந்தது. இம்மாற்றங்களைப் பார்க்கப் பல் மருத்துவர்தான் வேண்டுமா? பயிற்சி பெற்ற அடிப்படைச் சுகாதாரப் பணியாளர்களே அவற்றை இனங்காண முடியும் என்பதை 1980-களில் இலங்கையிலும் கேரளத்திலும் நடந்த ஆய்வுகள் காட்டின. டார்ச் விளக்கு, பயின்ற கண், கேட்கத் தெரிந்த நாக்கு. இவையே கருவிகள்.

இவ்வழியின் உச்சம் திருவனந்தபுரத்தில் நிகழ்ந்தது. அங்குள்ள மண்டலப் புற்றுநோய் மையமும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையும் இணைந்து, ஆர். சங்கரநாராயணனின் தலைமையில் 1996-இல் தொடங்கிய ஆய்வில் 13 பஞ்சாயத்துத் தொகுதிகள் சேர்க்கப்பட்டன. ஏழில் மூன்றாண்டுக்கு ஒருமுறை வாய்ப் பரிசோதனை நடந்தது. ஆறில் வழக்கமான மருத்துவ வசதி மட்டுமே இருந்தது. 1,90,000-க்கும் மேற்பட்டோர் இடம்பெற்ற அவ்வாய்வின் முடிவு 2005-இல் ‘லான்செட்’ இதழில் வெளியாயிற்று. புகையிலையோ மதுவோ பயன்படுத்துவோரிடையே வாய்ப்புற்று இறப்பு 34 விழுக்காடு குறைந்திருந்தது. அப்பழக்கங்கள் இல்லாதோரிடம் குறிப்பிடத்தக்க பயன் தென்படவில்லை.

அக்கட்டுரையில் பலரும் கடந்து செல்லும் ஓர் எண் இருக்கிறது. பரிசோதனையில் ஐயத்துக்குரிய மாற்றம் இருப்பதாகக் கண்டு மேல்சிகிச்சைக்கு அனுப்பப்பட்டோர் 5,145 பேர். அவர்களுள் மருத்துவரிடம் சென்றவர்கள் 3,218 பேர், அதாவது 63 விழுக்காட்டினர். எழுத்தறிவிலும் மருத்துவ வசதியிலும் நாட்டிலேயே முன்னணியில் நின்ற ஒரு மாநிலத்தில், ஆய்வுக்குழுவின் நேரடிக் கண்காணிப்பில் நிகழ்ந்தது இது. இவ்வெண்ணை மனத்தில் வைத்துக்கொண்டு உமிழ்நீருக்குத் திரும்புவோம்.

4. குப்பிக்குள் மரபணு

உமிழ்நீர் 99 விழுக்காடு நீர்தான். எஞ்சியுள்ள ஒரு விழுக்காட்டில் உப்புகள், நொதிகள், எதிர்ப்புரதங்கள், உதிர்ந்த செல்கள், நுண்ணுயிர்கள், மரபுப்பொருளின் துணுக்குகள் எல்லாம் கலந்துள்ளன. மூன்று இணைப் பெருஞ்சுரப்பிகளிலிருந்தும் எண்ணற்ற சிறுசுரப்பிகளிலிருந்தும் ஊறி, ஈறுகளின் விளிம்பில் கசியும் திரவத்தையும் சேர்த்துக்கொண்டு, வாயின் ஒவ்வோர் இடுக்கையும் கழுவிச் செல்கிறது அது. வாயில் ஒரு கட்டி இருந்தால் அதைத் தொடாமல் உமிழ்நீர் கடந்துசெல்ல முடியாது. இரத்தத்தைவிட உமிழ்நீருக்கு உள்ள சிறப்பு இதுவே.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே உமிழ்நீரில் நோய்க்குறிகளைத் தேடிய பல் மருத்துவர்கள் ஐரோப்பாவில் இருந்தனர். ஆனால் மிகக் குறைந்த அளவில் கலந்துள்ள பொருள்களை அளக்கும் நுட்பம் அவர்களிடம் இல்லை. பாலிமரேஸ் தொடர்வினை என்னும் பிசிஆர் முறை வந்தபின்தான் நிலைமை மாறியது. 1994-இல் வெளிவந்த ஒரு சிறிய ஆய்வில், தலை-கழுத்துப் புற்றுள்ள ஏழு நோயாளர்களுள் ஐவரின் வாய் மாதிரிகளில் பி53 மரபணுவின் திரிபு கண்டறியப்பட்டது. அதே காலத்தில் எச்ஐவி எதிர்ப்புரதத்தை வாய்த்திரவத்தில் கண்டறியும் முறைக்கு அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. உமிழ்நீர் ஆய்வகத்துக்குள் மதிப்புடன் நுழைந்த காலம் அது.

2004-இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் டேவிட் வோங்கின் குழு வெளியிட்ட கட்டுரை பெருங்கவனம் பெற்றது. உமிழ்நீரில் ஆர்என்ஏவைச் சிதைக்கும் நொதிகள் மிகுதி. அதில் செய்தி ஆர்என்ஏ தப்பியிருக்குமா என்னும் ஐயம் அன்று வலுவாக இருந்தது. 32 நோயாளர்களையும் 32 நோயற்றோரையும் ஒப்பிட்ட அவர்கள், ஐஎல்-8 உள்ளிட்ட ஏழு ஆர்என்ஏக்கள் நோயாளரிடம் மிகுந்திருப்பதைக் கண்டனர். சில குறிப்பான்களை இணைத்துப் பார்த்தபோது உணர்திறன் 91 விழுக்காடு. தனித்தன்மையும் 91 விழுக்காடு. நோயுள்ள நூறு பேரில் 91 பேரைச் சரியாகப் பிடிப்பது முன்னது. நோயற்ற நூறு பேரில் 91 பேரைச் சரியாக விடுவிப்பது பின்னது.

2015-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகக் குழு தலை-கழுத்துப் புற்றுள்ள 93 பேரை ஆராய்ந்தது. 76 விழுக்காட்டினரின் உமிழ்நீரில் கட்டியின் டிஎன்ஏ கிடைத்தது; வாய்க்குழியில் புற்றுள்ளவர்களிடம் மட்டும் அது 100 விழுக்காடு. ஆயினும் ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். கட்டியின் மரபுத் திரிபு எது என்று முதலில் அறிந்துகொண்டு, பிறகே அதை உமிழ்நீரில் தேடினார்கள். சிகிச்சைக்குப் பின் நோய் மீண்டும் தலைதூக்குகிறதா என்று கண்காணிக்க இது மிகப் பொருத்தமான வழி. எவருக்கு நோய் என்றே தெரியாத ஓர் ஊரில் முதன்முதலாகத் தேடுவது வேறு வேலை. இவ்விரண்டையும் ஒன்றாக்கி எழுதுவதே செய்தித்தாள்கள் தரும் குழப்பத்தின் வேர்.

5. கணக்கு சொல்லும் பாடம்

தனித்தன்மை 91 விழுக்காடு என்பது கேட்பதற்கு உயர்வாகத் தோன்றும். ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு இலட்சம் பேரில் 100 பேருக்கு நோய் இருப்பதாகக் கொள்வோம். அப்பரிசோதனை 91 பேரைச் சரியாகக் கண்டுபிடிக்கும். நோயற்ற 99,900 பேரில் 9 விழுக்காட்டினரை, அதாவது 8,991 பேரை, நோயாளர் என்று தவறாகச் சுட்டும். மொத்தம் 9,082 பேர் மருத்துவமனைக்கு அனுப்பப்படுவர். அவர்களுள் உண்மையில் நோயுள்ளவர்கள் நூற்றுக்கு ஒருவரே. காசியின் அரிசிச் சோதனையில் ஈறு நோயுள்ள நிரபராதி எந்நிலையில் நின்றாரோ, அந்நிலையில் இவர்கள் நிற்பார்கள். ஒப்புமை மேலோட்டமானதன்று. ஐஎல்-8, ஐஎல்-1 பீட்டா போன்றவை அழற்சியின் குறிப்பான்கள்; ஈறு அழற்சியிலும் அவை மிகும். புகையிலையும் பாக்கும் மெல்லும் வாயில் அழற்சி நாட்பட்ட ஒன்று. எவரைப் பரிசோதிக்க வேண்டுமோ அவர்களிடமே பரிசோதனை குழம்பும்.

மற்றொரு சிக்கல் நோயின் தன்மையைச் சார்ந்தது. மேலைநாடுகளில் தொண்டைப் பகுதிப் புற்றுகளில் கணிசமானவை எச்பிவி வைரசால் வருபவை. இந்தியாவில் மிகுதியாகக் காணப்படுவது புகையிலை அடக்கிவைக்கும் ஈறு-கன்னப் பகுதியில் தோன்றும் புற்று. கல்யாணியிலுள்ள தேசிய உயிர்மருத்துவ மரபணுவியல் நிறுவனமும் டாடா நினைவு மையத்தின் ஆய்வகமும் இணைந்து 2013-இல் வெளியிட்ட மரபணுத் தொகுதி ஆய்வு, இப்பகுதிப் புற்றில் ஏற்கெனவே அறியப்பட்ட மரபணுக்களுடன் புதிய சிலவும் திரிபுற்றிருப்பதைக் காட்டியது. வேறு மக்களிடம் தேர்ந்தெடுத்த குறிப்பான்களை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது என்பதற்கு இதுவே போதிய சான்று. 2021-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் உமிழ்நீர் ஆர்என்ஏவை அடிப்படையாகக் கொண்ட ஒரு பரிசோதனைக்கு முன்னோடிக் கருவி என்னும் தகுதியை வழங்கியது. அது விரைவான பரிசீலனைக்கான வாயிலே தவிர, ஒப்புதல் அன்று.

மாதிரி எடுப்பதும் எளிதாகத் தோன்றுமளவுக்கு எளிதன்று. உண்ட நேரம், நாளின் பொழுது, தானாக ஊறியதா, மென்று ஊறவைத்ததா என்பவற்றைப் பொறுத்து உமிழ்நீரின் சேர்மானம் மாறும். வெயிலில் வைத்த குப்பியில் ஆர்என்ஏ சிதையும். எனினும் இவை தீர்க்கக்கூடியவையே. கோவிட் காலத்தில், நாக்பூரிலுள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் உருவாக்கிய உப்புநீர்க் கொப்பளிப்பு முறைக்கு 2021 மே மாதம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஒப்புதல் அளித்தது. வாயிலிருந்து மாதிரி எடுப்பதை எளிய மக்களும் ஏற்பர் என்பதற்கு அது அண்மைக்கால முன்னுதாரணம்.

6. எங்கே பொருந்தும்?

2020-ஆம் ஆண்டுக்கான உலகப் புற்றுநோய் மதிப்பீட்டின்படி இந்தியாவில் உதடு, வாய்க்குழிப் புற்றால் புதிதாகப் பாதிக்கப்பட்டோர் ஏறத்தாழ 1,36,000 பேர். இறந்தோர் ஏறத்தாழ 75,000 பேர். 2016-இல் வெளியான அரசின் வழிகாட்டு நெறி, 30 முதல் 65 வயது வரையுள்ள அனைவருக்கும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை வாய்ப் பரிசோதனை செய்யப் பரிந்துரைத்தது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வு நமக்குக் காட்டும் நிலையோ வேறு: வாய்ப்புற்றுக்காக எப்போதேனும் பரிசோதிக்கப்பட்டவர்கள் 30–49 வயதுப் பெண்களில் 0.9 விழுக்காடு, ஆண்களில் 1.2 விழுக்காடு. நெய்யூரின் அறிக்கைக்கு நூறாண்டுக்குப் பின்னும், திருவனந்தபுரம் ஆய்வு வெளிவந்து பதினைந்து ஆண்டுக்குப் பின்னும் நிலைமை இது.

இப்பின்னணியில் உமிழ்நீர்ப் பரிசோதனையை அனைவருக்குமான முதற்கட்டச் சல்லடையாக வைப்பது பொருந்தாது என்பது என் கருத்து. அவ்விடத்தில் டார்ச் விளக்கும் பயின்ற கண்ணும் ஏற்கெனவே தம் பயனை மெய்ப்பித்துவிட்டன. அதற்குப் பொருத்தமான இடம் இரண்டாம் படிநிலை. வாயில் வெண்படலம் உள்ளவர் பலர். அவர்களுள் புற்றாக மாறுவது சிலருக்கே. அந்தச் சிலர் யார் என்று சொல்லத் திசுப் பரிசோதனையைத் திரும்பத் திரும்பச் செய்ய இயலாது. கத்தி பட்டால் புற்று பரவிவிடும் என்னும் அச்சம் நம் ஊர்களில் இன்றும் வலுவாக இருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒரு குப்பியில் துப்புவதற்கு அத்தடை இல்லை. படலம் உள்ளவரைத் தொடர்ந்து கண்காணிக்கவும், சிகிச்சை பெற்றவரிடம் நோய் மீள்வதை முன்னறியவும் உமிழ்நீர் பயன்படுமானால் அது பெரும் பேறு. முன்பே தெரிவுசெய்யப்பட்ட சிறு குழுவில் நோயின் விகிதம் உயர்வு. எனவே மேலே கண்ட கணக்கின் கொடுமையும் அங்கே தணியும்.

அப்போதும் இறுதித் தீர்ப்பைத் திசுப் பரிசோதனையே சொல்ல வேண்டும். உமிழ்நீர் ஐயத்தை எழுப்பும், உறுதிசெய்யாது. அந்த ஐயத்தைக் கையில் வாங்கிய கூலித் தொழிலாளி ஒரு நாள் ஊதியத்தை இழந்து, பேருந்துச் செலவு செய்து, மாவட்ட மருத்துவமனையின் வரிசையில் நிற்க வேண்டும். திருவனந்தபுரத்தில் வராமற்போன 37 விழுக்காட்டினர் ஏன் வரவில்லை என்பதற்கு எந்த மரபணுக் குறிப்பானிலும் விடை இல்லை.

இத்துறையில் நுழைய விரும்பும் மாணவர்களுக்கு இரண்டு பணிகள் காத்திருக்கின்றன. நெய்யூர், சென்னை, மும்பை மருத்துவமனைகளின் பழைய நோயாளர் பதிவுகளை மருத்துவ வரலாற்றுச் சான்றுகளாக வாசித்தல் ஒன்று. பரிந்துரைக்கப்பட்டும் மருத்துவமனைக்குச் செல்லாதவர்களின் காரணங்களை அவர்கள் வாய்மொழியாகவே கேட்டுப் பதிவுசெய்தல் மற்றொன்று. பின்னதற்கு ஆய்வகமும் வேண்டாம், பெரும் நிதியும் வேண்டாம். ஆனால் அது செய்யப்படாதவரை குப்பிகள் நிரம்பும், வரிசையில் நிற்க வேண்டியவர்கள் வீட்டிலேயே இருப்பார்கள். மாற்றுக் கருத்துள்ளோர், குறிப்பாகப் புற்றுநோய் மருத்துவத்திலும் உயிரித் தொழில்நுட்பத்திலும் பணிபுரிவோர், எழுதினால் விவாதத்தைத் தொடரலாம்.